வேலை செய்கிற கம்போனென்ட்டில் வடிவமைப்புக் குறையை எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படிச் சொல்வது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் குழுவில் ஒன்றரை ஆண்டு அனுபவமுள்ள ஒருவர், ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியில் ஆர்டர் பட்டியல் பக்கம் ஒன்றை ஏறத்தாழ 420 வரிகளில் ஒரே கம்போனென்ட்டாக (திரையின் ஒரு பகுதியை உருவாக்கும் நிரல் அலகாக) எழுதி ரிவ்யூவுக்கு அனுப்பியிருக்கிறார். சர்வரிலிருந்து ஆர்டர்களை எடுத்து வருவது, நிலுவை, அனுப்பியவை, ரத்தானவை என்ற மூன்று டேப்கள், தேடல் பெட்டி, ஓர் ஆர்டரை ரத்து செய்யக் காரணம் கேட்கும் பாப்அப் ஆகிய அனைத்தும் அதற்குள்ளேயே இருக்கின்றன. ஓட்டிப் பார்த்தால் எல்லாம் வேலை செய்கிறது, படித்துப் பார்த்தால் ஏதோ உறுத்துகிறது, "கம்போனென்ட்டைச் சிறிதாகப் பிரிக்கவும் என்று எழுதினால் போதுமா" என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. உறுத்துகிறவற்றில் எது உண்மையான வடிவமைப்புக் குறை, எது உங்கள் பழக்கத்துக்கு மாறானது மட்டுமே என்று பிரித்தறிவது முதலாவது. குறை என்று தெளிந்ததை அவர் ஏற்கும்படியும், அடுத்த முறை அவராகவே காணும்படியும் எழுதுவது இரண்டாவது.

நான் பல ஆண்டுகளாக ரியாக்ட்டில் வணிக மென்பொருள்களின் திரைகளை எழுதியும் மற்றவர்கள் எழுதியதை ரிவ்யூ செய்தும் வருகிறேன். பட்டியல்கள், படிவங்கள், டாஷ்போர்டுகள் போன்றவைதான் என் களம். விளையாட்டு, வரைகலைக் கருவி போன்றவற்றில் வேகத்துக்காக இங்கே நான் சொல்லும் சிலவற்றை வேண்டுமென்றே மீற வேண்டியிருக்கும். ரியாக்ட்டுக்கு மாற்றான வியூ, ஸ்வெல்ட் போன்றவற்றில் அடிப்படை இதுவேயானாலும் கருவிகளின் இயக்கம் வேறு. கீழே சொல்வதை இந்த எல்லைக்குள் வைத்துப் படியுங்கள்.

முதலில், வரிகளின் எண்ணிக்கையிலிருந்து தொடங்காதீர்கள். 420 வரிகள் என்பது சந்தேகத்துக்குக் காரணமாகலாம், தீர்ப்புக்குக் காரணமாகாது. "பிரிக்கவும்" என்று மட்டும் எழுதினால் ஜூனியர் என்ன செய்வார் என்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். தலைப்பகுதி ஒரு ஃபைல், டேப்கள் ஒரு ஃபைல், டேபிள் ஒரு ஃபைல், பாப்அப் ஒரு ஃபைல் என்று திரையில் தெரியும் பகுதிகளின்படி வெட்டி, எல்லா ஸ்டேட்டையும் (கம்போனென்ட் நினைவில் வைத்திருக்கும், மாறக்கூடிய மதிப்புகளை) மேலேயே விட்டுவிட்டு, ஒவ்வொன்றுக்கும் பத்துப் பன்னிரண்டு ப்ராப்களை (மேலுள்ள கம்போனென்ட் கீழுள்ளதற்குத் தரும் மதிப்புகளை) அனுப்புவார். இப்போது ஒரு சிறு மாற்றத்துக்கு ஐந்து ஃபைல்களைத் திறக்க வேண்டும். முன்பு ஒரே இடத்தில் இருந்த சிக்கல் ஐந்து இடங்களில் பரவியதுதான் மிச்சம். கணினி அறிவியலாளர் டேவிட் பார்னஸ் 1972-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, நிரலைச் செயல்பாட்டின் படிநிலைகளின்படி பிரிக்காமல், மாறக்கூடிய முடிவுகள் ஒவ்வொன்றையும் ஒரு பகுதிக்குள் மறைத்து வைக்கும்படி பிரிக்க வேண்டும் என்று வாதிட்டது. ஃப்ரண்ட்எண்ட் (பயனர் காணும் திரைகளை எழுதுவது) என்ற துறையே இல்லாத காலத்தில் சொல்லப்பட்ட அந்த அளவுகோலைவிடச் சிறந்த ஒன்றைக் கம்போனென்ட்களுக்கு நான் இதுவரை காணவில்லை. ஆகவே கோடை, அதாவது எழுதிய நிரலை, திறக்கும் முன், இந்தப் பக்கத்துக்கு அடுத்த மூன்று மாதங்களில் வரக்கூடிய மாற்றங்கள் இரண்டு மூன்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்தை ரீஃப்ரெஷ் செய்தாலும் அதே டேப் திறந்திருக்க வேண்டும், ரத்து செய்யும் வசதி வாடிக்கையாளர் விவரப் பக்கத்திலும் வேண்டும், தேடல் சர்வரில் நடக்க வேண்டும் என்பன போன்றவை. ஒவ்வொரு மாற்றமும் கோடின் எத்தனை இடங்களைத் தொடுகிறது என்று பார்த்தால், உங்கள் உறுத்தலுக்கு முகவரி கிடைத்துவிடும்.

அடுத்தபடியாக நான் எப்போதும் செய்வது, ஸ்டேட்களைப் பட்டியலிடுவது. நீங்கள் ஒட்டியிருந்த பகுதியில் ஸ்டேட்டை அறிவிக்கும் யூஸ்ஸ்டேட்கள் ஒன்பது இருக்கின்றன: ஆர்டர்கள், வடிகட்டிய ஆர்டர்கள், தேடல் சொல், நடப்பு டேப், லோடிங், பிழை, காலி, பாப்அப் திறந்திருக்கிறதா என்பது, தேர்ந்தெடுத்த ஆர்டர். ஒவ்வொன்றையும் பார்த்து "இதை மற்றவற்றிலிருந்து கணக்கிட முடியுமா" என்று கேளுங்கள். வடிகட்டிய ஆர்டர்களை ஆர்டர்களும் தேடல் சொல்லும் சேர்ந்தே தந்துவிடும். காலியா என்பது பட்டியலின் நீளத்தைப் பார்த்தாலே தெரியும். தேர்ந்தெடுத்த ஆர்டர் என ஒன்று இருந்தால் பாப்அப் திறந்திருக்கிறது என்றுதான் பொருள். ஆக, ஒன்பதில் மூன்று தேவையே இல்லாதவை. இது வெறும் சிக்கனம் பற்றிய பேச்சு அன்று. ஒரே உண்மையை இரண்டு இடங்களில் வைத்தால், அவற்றை ஒன்றுபோல வைத்திருக்கும் பொறுப்பு, இனி இந்த ஃபைலைத் தொடப்போகும் ஒவ்வொருவரின் தலையிலும் விழுகிறது.

அந்தப் பொறுப்பு ஏற்கெனவே தவறிவிட்டது என்பதை அதே கோடில் காட்ட முடியும். வடிகட்டிய பட்டியல் மூன்று இடங்களில் எழுதப்படுகிறது. சர்வரிலிருந்து பதில் வந்ததும் முழுப் பட்டியல் அதில் வைக்கப்படுகிறது. தேடல் சொல் மாறும்போது ஒரு எஃபெக்ட் (குறிப்பிட்ட மதிப்புகள் மாறினால் தனியே ஓடும் ஃபங்ஷன்) வடிகட்டி அதில் வைக்கிறது. ஓர் ஆர்டரை ரத்து செய்து முடித்ததும் திருத்திய முழுப் பட்டியல் அதில் வைக்கப்படுகிறது. தேடலைத் தனியாகச் சோதித்தால் சரி, ரத்தைத் தனியாகச் சோதித்தாலும் சரி. ஆனால் தேடல் பெட்டியில் "கோவை" என்று தட்டி, கிடைத்த நான்கு ஆர்டர்களில் ஒன்றை ரத்து செய்தால், பெட்டியில் "கோவை" அப்படியே நிற்க, கீழே எல்லா ஊர் ஆர்டர்களும் வந்து விழும். டேப் மாற்றினாலும் இதுவே நடக்கும். அந்த எஃபெக்ட்டுக்கு மேலே, கோடைச் சோதிக்கும் கருவியான எஸ்லின்ட்டின் எச்சரிக்கையை அணைக்கும் ஒரு வரி இருப்பதையும் கவனியுங்கள். எஃபெக்ட் ஆர்டர்களைப் பயன்படுத்துகிறது, ஆனால் சார்புப் பட்டியலில் (எவை மாறினால் எஃபெக்ட் மறுபடி ஓட வேண்டும் என்ற பட்டியலில்) தேடல் சொல் மட்டுமே இருக்கிறது என்று லின்ட் சரியாகவே எச்சரித்திருக்கிறது. எவரது கோடானாலும் நான் முதலில் தேடுவது இந்த அணைப்பு வரியைத்தான். பெரும்பாலும் அதன் அடியில் ஒரு பக் (பிழை) இருக்கிறது, அல்லது எஃபெக்ட்டே தேவையற்றதாக இருக்கிறது. இங்கே இரண்டும் உண்மை. ஆர்டர்களைச் சார்புப் பட்டியலில் சேர்த்தால் இறுதியில் சரியான பட்டியல் வரும்தான், ஆனால் முழுப் பட்டியல் ஒரு கணம் தோன்றி மறையலாம். ஏனெனில் எஃபெக்ட் ஓடுவது பொதுவாகத் திரை வரையப்பட்ட பிறகுதான். ரெண்டரின்போதே (திரையில் காட்ட வேண்டியதைக் கம்போனென்ட் உருவாக்கும்போதே) ஒரு சாதாரண மாறியாகக் கணக்கிட்டால் ஒரு யூஸ்ஸ்டேட்டும் ஒரு எஃபெக்ட்டும் இரண்டு செட் அழைப்புகளும் போய், பக் தோன்றும் வழியே அடைபட்டுவிடும். சில நூறு வரிசைகளை ஒவ்வொரு ரெண்டரிலும் வடிகட்டுவது பிரவுசருக்கு ஒரு சுமையே அல்ல. எஃபெக்ட் தேவைப்படாத இடங்கள் எவை என்பதற்கென்றே ரியாக்ட்டின் அதிகாரபூர்வ ஆவணத்தில் ஒரு பக்கம் இருக்கிறது. அதன் சுட்டியை ஜூனியருக்குத் தாருங்கள்.

தேர்ந்தெடுத்த ஆர்டரை முழுப் பொருளாக ஸ்டேட்டில் வைத்திருப்பதும் இதே குடும்பத்துப் பிரச்சினை. பாப்அப் திறந்திருக்கும்போது பின்னணியில் பட்டியல் புதுப்பிக்கப்பட்டு, அந்த ஆர்டர் "அனுப்பப்பட்டது" என மாறியிருந்தால், பாப்அப் பழைய நகலைக் காட்டிக்கொண்டு ரத்து செய்ய அனுமதித்துக்கொண்டிருக்கும். ஆர்டரின் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு, பொருளைப் பட்டியலிலிருந்து தேடி எடுப்பதே சரி. ஆனால் ஜூனியரிடம் "ஸ்டேட்டை நகலெடுக்கவே கூடாது" என்று விதியாகச் சொல்லிவிடாதீர்கள். திருத்தும் படிவம் ஒன்றில், பயனர் தட்டிக்கொண்டிருக்கும் வரைவு சர்வரில் உள்ள மதிப்பிலிருந்து தொடங்கினாலும் அதிலிருந்து வேறான ஓர் உண்மைதான். அங்கே நகல் தேவைப்படுகிறது. இரண்டு மதிப்புகளும் வெவ்வேறாக இருக்க அனுமதி உண்டா என்ற கேள்விக்கு "ஆம்" என்றால் இரண்டு ஸ்டேட், "இல்லை" என்றால் ஒன்று.

லோடிங், பிழை, காலி என்ற மூன்று பூலியன்களால் (ஆம் அல்லது இல்லை என்ற மதிப்புகளால்) எட்டுச் சேர்க்கைகள் உண்டாகின்றன. அவற்றில் பாதிக்குப் பொருளே இல்லை. பிழையும் லோடிங்கும் ஒருசேர உண்மையானால் திரை எதைக் காட்டும் என்பது, திரையை விவரிக்கும் ஜேஎஸ்எக்ஸில் எந்த இஃப் முதலில் வருகிறது என்ற தற்செயலைப் பொறுத்ததாகிவிடுகிறது. நீங்கள் டைப்ஸ்கிரிப்ட் பயன்படுத்துவதாகச் சொன்னதால், ஏற்றப்படுகிறது, தோற்றது, கிடைத்தது என்ற மூன்று நிலைகளை ஒரே யூனியன் டைப்பாக (இவற்றில் ஏதேனும் ஒன்றாக மட்டுமே இருக்கும் வகையாக) எழுதி, பிழைச் செய்தியைத் தோற்ற நிலைக்குள்ளும் பட்டியலைக் கிடைத்த நிலைக்குள்ளும் வைக்கச் சொல்லலாம். அதன்பின் பிழைநிலையில் பட்டியலைத் தொட முயன்றால் கம்பைலரே தடுக்கும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. பழைய பட்டியலைக் காட்டியபடியே பின்னணியில் புதியதை எடுத்து வர வேண்டுமென்றால், ஏற்றப்படுகிறது என்பதும் கிடைத்தது என்பதும் ஒருசேர உண்மையாகும். அப்போது இந்த யூனியனில் நான்காவது நிலை ஒன்று வேண்டும். இந்தப் பக்கத்துக்கு அது தேவையா என்பதை ரிவ்யூ செய்கிறவராக நீங்கள் முடிவு செய்துவிடாமல், அவரிடமே கேளுங்கள். திரையின் நிலைகளை அவர் எண்ணிப் பார்க்கத் தொடங்குவதே பெரிய பயன்.

டேப் மாற்றும் எஃபெக்ட்டில் இருப்பது சுவைவேறுபாடு அல்ல, உறுதியான பிழை. நிலுவை டேப்பை அழுத்தியவுடன் அனுப்பியவை டேப்பை அழுத்தினால் இரண்டு கோரிக்கைகள் புறப்படுகின்றன. இரண்டாவதன் பதில் முதலில் வந்து, முதலாவதன் பதில் பின்னால் வந்தால், அனுப்பியவை என்ற தலைப்பின்கீழ் நிலுவை ஆர்டர்கள் நிற்கும். பதில்கள் புறப்பட்ட வரிசையிலேயே வரும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. அலுவலக இணையத்தில் இது கண்ணில் படாது. நிலுவைக்கான ஏபிஐ (சர்வரிடம் தரவு கேட்கும் இடைமுகம்) பதிலை மட்டும் சோதனைச் சர்வரில் இரண்டு விநாடி தாமதப்படுத்தினால் உடனே தெரியும். எஃபெக்ட்டின் முடிவில் ஒரு கிளீன்அப் ஃபங்ஷனைத் திருப்பியனுப்பி, அதில் அபார்ட்கன்ட்ரோலர் கொண்டு பழைய கோரிக்கையை நிறுத்துவது, அல்லது ஒரு கொடி மாறியை வைத்துப் பழைய பதிலைப் புறக்கணிப்பது இதற்கான நேரடியான தீர்வு. உங்கள் புராஜெக்ட்டில் சர்வர் தரவை எடுத்து வந்து பராமரிக்கும் டான்ஸ்டாக் குவெரி போன்ற ஒரு லைப்ரரி ஏற்கெனவே இருந்தால், டேப்பின் பெயரைக் குவெரி கீயில் சேர்த்து அதனிடமே விட்டுவிடுவது இன்னும் நல்லது. 2022-இல் வந்த ரியாக்ட் 18-இலிருந்து, டெவலப்மென்ட் முறையில் ஸ்ட்ரிக்ட் மோடு எஃபெக்ட்டுகளை ஒருமுறை ஓட்டி, கலைத்து, மறுபடி ஓட்டிப் பார்ப்பது இப்படிக் கிளீன்அப் விடுபட்டவற்றை வெளிக்கொணரவே. "இரண்டு முறை ஓடுகிறது" என்று ஸ்ட்ரிக்ட் மோடை எடுத்துவிட்ட ஒரு கமிட் அந்தப் புல் ரெக்வெஸ்ட்டில் (ரிவ்யூவுக்கு அனுப்பிய மாற்றங்களின் தொகுப்பில்) இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அதைத் திருப்பி வைக்கச் சொல்லுங்கள்.

தேடலைப் பற்றி ஒரு கேள்வியும் எழுகிறது. ஏபிஐ ஒரு பக்கத்துக்கு 50 ஆர்டர்கள் வீதம் தருகிறது என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். அப்படியானால் பிரவுசரில் நடக்கும் இந்தத் தேடல் கையிலுள்ள 50-இல் மட்டுமே தேடுகிறது. பயனரோ எல்லா ஆர்டர்களிலும் தேடியதாக நினைத்துக்கொள்வார். இது ஜூனியரின் தவறு என்று சொல்ல மாட்டேன், தேவைக் குறிப்பிலேயே தெளிவின்மை இருந்திருக்கலாம். கோடை மட்டும் படிக்கிற ரிவ்யூவில் இதுபோன்றவை தப்பிவிடும் என்பதால்தான், பக்கம் பயனருக்கு என்ன வாக்குக் கொடுக்கிறது என்று ஒருமுறை யோசித்துவிட்டுப் படிக்கத் தொடங்குவது நல்லது என்கிறேன்.

டேபிளின் வரிசைகளுக்கு மேப்பின் இன்டெக்ஸையே (பட்டியலில் அதன் இட எண்ணையே) கீ, அதாவது ரியாக்ட் வரிசையை அடையாளம் காணும் குறி, ஆகக் கொடுத்திருக்கிறார். இதை எல்லா ரிவ்யூவர்களும் சுட்டுவார்கள், ஆனால் ஏன் என்று சிலரே சொல்வார்கள். வரிசையின் உள்ளே தனி ஸ்டேட் எதுவும் இல்லாமல், பட்டியலும் மாறாமல் இருக்கும்வரை இன்டெக்ஸால் கெடுதல் இல்லை. இங்கே ஒவ்வொரு வரிசையிலும் குறிப்பு எழுத ஒரு பெட்டி இருக்கிறது. மூன்றாவது வரிசையில் பாதி தட்டியிருக்கும்போது முதல் ஆர்டர் பட்டியலிலிருந்து நீங்கினால், தட்டிய எழுத்துகள் மூன்றாவது இடத்திலேயே நிற்கும், ஆனால் அந்த இடத்துக்கு இப்போது வேறோர் ஆர்டர் வந்திருக்கும். ஒரு வாடிக்கையாளருக்கான குறிப்பு இன்னொருவர் ஆர்டரில் பதிவாகிவிடும். ஆர்டர் எண்ணையே கீ ஆக வைக்கும் ஒரு சொல் மாற்றத்தில் இது தீர்ந்துவிடும்.

"ரத்து செய்" என்பதை ஸ்பான் (எழுத்தைச் சுற்றிவைக்கும் சாதாரண எச்டிஎம்எல் டேக்) ஒன்றில் ஆன்கிளிக் வைத்து எழுதியிருப்பதைப் பலர் சிறு விஷயமாக விட்டுவிடுவார்கள். நான் விட மாட்டேன். ஸ்பான் டேப் விசைக்கு எட்டாது, என்ட்டர், ஸ்பேஸ் விசைகளுக்குப் பதிலளிக்காது, திரைவாசிப்பான் அதைப் பொத்தான் என்று அறிவிக்காது. மௌஸ் பயன்படுத்த முடியாத ஒருவருக்கு இந்தப் பக்கத்தில் ஆர்டரை ரத்து செய்யவே முடியாது. விசைப்பலகையால் எல்லாவற்றையும் இயக்க முடிய வேண்டும் என்பது வெப் அணுகல்தன்மை வழிகாட்டி நெறிகளில் மிக அடிப்படையான ஏ நிலையிலேயே இருக்கிறது. பட்டன் டேக் பயன்படுத்தினால் இவை அனைத்தும் பிரவுசரிடமிருந்து இலவசமாகக் கிடைக்கின்றன. அது ஃபார்முக்குள் இருந்தால் டைப்பை "பட்டன்" என்று குறிப்பிட மறக்கக் கூடாது, இல்லாவிட்டால் அது சப்மிட்டாக நடந்துகொள்ளும். பாப்அப்பையும் டிவ்களால் கட்டாமல் எச்டிஎம்எல்லின் டயலாக் டேக்கால் கட்டலாம். 2022 மார்ச் முதல் எல்லா முக்கிய பிரவுசர்களிலும் அது இயங்குகிறது, மோடலாகத் திறந்தால் எஸ்கேப் விசையில் மூடுவதையும் பின்னணியை முடக்குவதையும் அதுவே செய்துகொள்கிறது. ஒரு கம்போனென்ட்டை ரிவ்யூ செய்யும்போது மௌஸைத் தள்ளிவைத்துவிட்டு விசைப்பலகையால் மட்டும் ஒருமுறை முழுவதும் இயக்கிப் பாருங்கள். சில நிமிடங்களில் கோடைப் படித்துத் தெரியாத பலவும் தெரிந்துவிடும்.

இவ்வளவும் பார்த்த பிறகுதான் பிரிப்பதைப் பற்றிப் பேச வேண்டும். தேவையற்ற ஸ்டேட்களும் எஃபெக்ட்டுகளும் போன பிறகு கோடே கணிசமாகச் சுருங்கியிருக்கும், எங்கே வெட்டுவது என்பதும் தெளிவாகியிருக்கும். நான் முதலில் ரத்து பாப்அப்பைத் தனியாக எடுப்பேன். காரணம் எழுதும் பெட்டியின் மதிப்பு, அனுப்பிக்கொண்டிருக்கிறதா என்பது, அனுப்பியதில் வந்த பிழை ஆகியவற்றைப் பாப்அப்பைத் தவிர வேறு யாரும் அறிய வேண்டியதில்லை. வெளியிலிருந்து அதற்கு வேண்டியவை மூன்றே: எந்த ஆர்டர், மூடினால் என்ன செய்வது, ரத்து வெற்றிபெற்றால் என்ன செய்வது. உள்ளே நிறைய, வெளியே கொஞ்சம் என்ற இந்த விகிதம்தான் வெட்டு சரியான இடத்தில் விழுந்திருக்கிறது என்பதற்கு அடையாளம். வாடிக்கையாளர் விவரப் பக்கத்துக்கு நாளை ரத்து வசதி தேவைப்பட்டால் இதை அப்படியே எடுத்துச் செல்லலாம். மாறாக, ஆர்டர்களை மாற்றும் செட் ஃபங்ஷனையே பாப்அப்புக்கு ப்ராப்பாக அனுப்பினால், பெற்றோர் தன் பட்டியலை எந்த வடிவில் வைத்திருக்கிறது என்பது குழந்தைக்குத் தெரிந்திருக்க வேண்டியதாகிவிடும், பட்டியலை வேறு விதமாகச் சேமிக்க முடிவெடுத்த அன்று இரண்டும் உடையும். "செட்ஆர்டர்ஸ்" என்ற ப்ராப்புக்கும் "ரத்தானபோது" என்ற பொருள்படும் ப்ராப்புக்கும் உள்ள வேறுபாட்டை ஜூனியரோடு உட்கார்ந்து பேசுங்கள். கம்போனென்ட் வடிவமைப்பில் அவருக்கு நீங்கள் கற்றுத்தரக்கூடியவற்றில் இதுவே அதிகப் பயனுள்ளது என்பது என் கருத்து.

டேபிளைப் பொதுவான ஒன்றாக ஆக்கச் சொல்லலாமா என்ற ஆசை உங்களுக்கு வரும். நான் பொறுத்திருக்கச் சொல்வேன். ஒரே ஓர் இடத்தில் பயன்படும் டேபிளைப் பொதுவாக்கினால், அடுத்தடுத்த தேவைகள் வரும்போது தலைப்பை மறை, செயல்களைக் காட்டு, நெருக்கமாகக் காட்டு என்று பூலியன் ப்ராப்கள் சேர்ந்துகொண்டே போகும். ஐந்து பூலியன்கள் சேர்ந்தால் 32 சேர்க்கைகள், அவற்றில் எவை உண்மையில் பயன்படுகின்றன என்று யாருக்கும் தெரியாது. மூன்றாவது இடத்தில் தேவைப்படும்போது, மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்து, உண்மையில் பொதுவானது எது என்று அறிந்து எடுப்பதே பாதுகாப்பானது. அதுவரை சிறிதளவு கோடு இரண்டு இடங்களில் இருப்பதால் பெரிய நட்டமில்லை. மூன்று என்ற எண்ணுக்குப் பின்னால் ஆய்வு எதுவும் இல்லை, அனுபவத்தில் ஒத்துவந்த அளவு மட்டுமே.

இனி, உறுதியாகச் சொல்ல முடியாதவை. எஃபெக்ட்டுகளை எல்லாம் ஒரு கஸ்டம் ஹூக்குக்குள் (ஸ்டேட்டையும் எஃபெக்ட்டையும் பயன்படுத்தி நாமே எழுதும் ஃபங்ஷனுக்குள்) எடுத்துவிடச் சொல்வது பல குழுக்களில் வழக்கம். அந்த லாஜிக்குக்குத் தனியான ஒரு பெயரும் பொருளும் இருந்தால் அது நல்லது, இல்லாவிட்டால் ஃபைலை மாற்றி வைத்தது மட்டுமே. டேட்டா எடுத்து வரும் கம்போனென்ட் ஒன்று, காட்டுகிற கம்போனென்ட் ஒன்று என்று எப்போதும் இரண்டாகப் பிரிக்கும் முறையை ரியாக்ட் டெவலப்பர் டேன் அப்ரமோவ் 2015-இல் பிரபலமாக்கினார். 2019-இல் ஹூக்குகள் வந்தபின் அதே கட்டுரையில், இப்படிப் பிரிப்பதை இனி பரிந்துரைப்பதில்லை என்று அவரே குறிப்புச் சேர்த்தார். இதை நினைவில் வைத்துக்கொண்டால், இன்று நாம் விதியாகச் சொல்வதைக் கொஞ்சம் அடக்கமாகச் சொல்வோம். வேகத்துக்காக முந்தைய முடிவை நினைவில் வைக்கும் யூஸ்மெமோ, யூஸ்கால்பேக் போட வேண்டுமா என்பதும் இந்த வகைதான். அளந்து பார்த்து மெதுவாக இருக்கிறது என்று தெரிந்தாலன்றி நான் கேட்பதில்லை, 2025 அக்டோபரில் 1.0 ஆக வெளிவந்த ரியாக்ட் கம்பைலரைப் பயன்படுத்தும் குழுக்களில் இதைக் கையால் எழுத வேண்டிய இடங்கள் இன்னும் குறைந்துவிட்டன. சிஎஸ்எஸ் எங்கே எழுதுவது, ஃபோல்டர்களை எப்படி அமைப்பது, எந்த ஸ்டேட் லைப்ரரி என்பவற்றில் குழுவின் வழக்கம் எதுவோ அதுவே சரி. வழக்கம் இல்லையென்றால் அதைப் பேசி முடிவுசெய்ய வேண்டிய இடம் ஒரு ஜூனியரின் புல் ரெக்வெஸ்ட் அல்ல. இடைவெளி, அரைப்புள்ளி, இம்போர்ட் வரிசை ஆகியவற்றைப் பற்றி ஒரு கமெண்ட்கூட எழுதாதீர்கள், பிரிட்டியரும் எஸ்லின்ட்டும் அதற்காகவே இருக்கின்றன.

எழுதும் முறை பற்றி. "இங்கே எஃபெக்ட் தேவையில்லை" என்பது ஒரு தீர்ப்பு. ஜூனியர் அதை ஏற்றுத் திருத்துவார், ஏனென்று அறியாமல் அடுத்த பக்கத்தில் அதையே மறுபடி எழுதுவார். அதற்குப் பதிலாக நான் இப்படி எழுதுவேன்: "தேடல் பெட்டியில் ஓர் ஊரின் பெயரைத் தட்டிவிட்டு, ஓர் ஆர்டரை ரத்து செய்து பாருங்கள். பெட்டியில் சொல் இருக்கும்போதே முழுப் பட்டியலும் வருகிறது. வடிகட்டிய பட்டியல் மூன்று இடங்களில் எழுதப்படுவதால் இப்படி ஆகிறது என்று நினைக்கிறேன். அதை ஸ்டேட்டாக வைக்காமல் ரெண்டரிலேயே கணக்கிட்டால் எப்படி இருக்கும்?" விளைவு முதலில், காரணம் அடுத்து, வழி கடைசியில், அதுவும் கேள்வியாக. தன் கையாலேயே பக்கை ஒருமுறை உண்டாக்கிப் பார்த்தவருக்கு விதியை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் உண்மையில் கட்டாயமானதைக் கேள்வி வடிவில் எழுதி, அவர் "இப்படியே இருக்கட்டும்" என்று பதில் சொன்னபின் அனுமதி மறுப்பது நேர்மையல்ல. ஆகவே ஒவ்வொரு கமெண்ட்டின் தொடக்கத்திலும் கட்டாயம், யோசனை, கேள்வி என்று ஒரு சொல்லைப் போட்டுவிடுங்கள். கூகுள் வெளியிட்டுள்ள ரிவ்யூ வழிகாட்டியும் சிறு திருத்தங்களை இப்படி அடையாளமிடச் சொல்கிறது. மாற்றம் முழுநிறைவாக இல்லாவிட்டாலும், மொத்தக் கோடின் நலத்தை அது உறுதியாக மேம்படுத்துமானால் அனுமதிக்கலாம் என்றும் அது சொல்கிறது. அந்த நிலைப்பாடு எனக்கு உடன்பாடானது. நன்றாக எழுதிய இடத்தையும் காரணத்தோடு குறிப்பிடுங்கள். இந்தக் கோடில் தேதியையும் தொகையையும் வடிவமைக்கும் ஃபங்ஷன்களைக் கம்போனென்ட்டுக்கு வெளியே வைத்திருக்கிறார், அதனால் அவற்றைத் தனியே டெஸ்ட் செய்ய முடிகிறது. ஒன்றைச் சரியாகச் செய்திருக்கிறோம் என்பது எல்லோருக்கும் தானாகத் தெரிவதில்லை.

டெஸ்ட்டுகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வடிவமைப்பை அளக்க அவை மிகவும் உதவும். ரியாக்ட் டெஸ்டிங் லைப்ரரியில் "ரத்து செய்" என்ற பெயருள்ள பட்டனை ரோல் (பொத்தான், இணைப்பு போன்ற பங்கு) கொண்டு தேடி அழுத்தும் டெஸ்ட் ஒன்றை அவரை எழுதச் சொல்லுங்கள். ஸ்பானாக இருக்கும்வரை அந்தத் தேடல் தோற்கும், அணுகல்தன்மைக் குறையை டெஸ்ட்டே சொல்லிவிடும். தேடலையும் ரத்தையும் அடுத்தடுத்துச் செய்யும் இன்னொரு டெஸ்ட் மேலே சொன்ன பக்கைப் பிடிக்கும். ஒரு டெஸ்ட்டுக்காகப் பத்து விஷயங்களை மாக் செய்ய (போலியாக அமைக்க) வேண்டியிருந்தால், கம்போனென்ட் தேவைக்கு மேல் அறிந்துவைத்திருக்கிறது என்று கொள்ளலாம்.

இந்தப் புல் ரெக்வெஸ்ட்டில் நானாக இருந்தால் வடிகட்டிய பட்டியல், டேப் கோரிக்கைகளின் மோதல், கீ, பட்டன் ஆகிய நான்கை மட்டும் கட்டாயம் என்று குறிப்பேன். லோடிங் யூனியனையும் தேர்ந்தெடுத்த ஆர்டரின் எண்ணையும் யோசனையாக எழுதுவேன். 50 ஆர்டர்களில் மட்டும் தேடுவது பற்றிய கேள்வியைப் பிராடக்ட் தரப்பிடம் நானே கொண்டுபோவேன். பாப்அப்பைத் தனியே எடுப்பதை அடுத்த புல் ரெக்வெஸ்ட்டுக்கு விட்டுவிட்டு, அவர் எழுதத் தொடங்கும் முன் அதன் ப்ராப்களின் பெயர்களை மட்டும் அரை மணி நேரம் இருவருமாகப் பேசி முடிவு செய்துகொள்வேன்.